ஆறு பேர், ஆறு காரணங்கள்

நுழையும்முன்

வலியவர்களை ஒன்றுசேர்த்தால் வெற்றி தானாக வந்துவிடும் என்று பலரும் எண்ணுகின்றனர். கபடிக் குழுவாயினும் கணினி விளையாட்டாயினும் இவ்வெண்ணமே முதலில் தோன்றுகிறது. அது சரிதானா? நீங்கள் நன்கறிந்த ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு, கட்டுரையாளர் தம் கருத்தை இப்பாடத்தில் முன்வைக்கிறார். அவர் கருத்து உங்களுக்கு உடன்பாடா, இல்லையா என்று எண்ணிப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.

பெங்களூரு அடுகோடியில் ஓசூர் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் நாங்கள் குடியிருக்கிறோம். மைக்கோ என்று முதியவர்கள் இன்றும் அழைக்கும் பாஷ் வளாகம் எங்களுக்கு நடந்து செல்லும் தொலைவில்தான். எங்கள் கட்டடத்தில் ஒன்பது குடும்பங்கள் வாழ்கின்றன. வீட்டுக்குள் தமிழும், கடைத்தெருவில் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பேசும் பிள்ளைகள் மாலை நேரங்களில் மாடிப்படிகளை நிறைத்திருப்பார்கள்.

ஒருநாள் மாலை, அப்படியில் அமர்ந்திருந்த ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், தன் கையிலிருந்த விளையாட்டுக் கருவியைக் கவிழ்த்து வைத்தான். "மாமா, இருப்பதிலேயே வலிமையான ஆறையும் சேர்த்துவிட்டேன். ஆனாலும் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். ஏன்?" என்று கேட்டான்.

அவன் ஆடிய விளையாட்டு போக்கிமான். அவன் கேள்விக்கு விடை தேடியபோது என் மனத்தில் ஒரு கருத்து உறுதியாயிற்று. ஓர் அணியில் ஒருவரைச் சேர்க்கும்போது, அவர் ஏன் வேண்டும் என்பதை ஒரே தொடரில் சொல்ல முடிய வேண்டும். சொல்ல இயலாவிட்டால், அவர் எத்துணை வலியவராயினும் அந்த இடம் நிரம்பியதாகக் கொள்ளலாகாது.

பூச்சி பிடித்த சிறுவன்

இவ்விளையாட்டை உருவாக்கியவர் சப்பான் நாட்டைச் சேர்ந்த சதோஷி தஜிரி. 1965ஆம் ஆண்டு பிறந்த அவர், தோக்கியோ நகருக்கு அருகிலுள்ள மச்சிதாவில் வளர்ந்தார். குளக்கரைகளிலும் வயல்வெளிகளிலும் பூச்சிகளைத் தேடிப் பிடிப்பது அவருடைய இளமைக்காலப் பொழுதுபோக்கு. நகரம் வளர வளர, குளங்கள் தூர்க்கப்பட்டன, வயல்கள் கட்டடங்களாயின. ஏரிகள் பலவற்றை இழந்துவிட்ட பெங்களூரில் வாழும் நமக்கு இச்செய்தி புதிதன்று.

தாம் துய்த்த மகிழ்ச்சியைப் பூச்சி பிடிக்க இடமில்லாத குழந்தைகளும் பெறவேண்டும் என்று அவர் விரும்பினார். இரண்டு கைக்கருவிகளை ஒரு கம்பியால் இணைக்க முடியும் என்று அறிந்தபோது, அக்கம்பியின் வழியே பூச்சிகள் ஊர்ந்து செல்வதைப் போன்ற ஒரு காட்சி அவர் மனத்தில் எழுந்தது. அக்கற்பனையின் பயனாக, 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் போக்கிமான் விளையாட்டு சப்பானில் வெளியாயிற்று. அன்று 151 உயிரினங்கள் அதில் இருந்தன. இன்று அவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தைக் கடந்துவிட்டது.

தேடிப் பிடித்தல், வளர்த்தல், நண்பரோடு மாற்றிக்கொள்ளுதல் ஆகியவற்றோடு, மோதவிட்டுப் பார்த்தலும் இவ்விளையாட்டின் ஒரு பகுதி. நாளடைவில் அது தனிக்கலையாக வளர்ந்தது. இவ்விளையாட்டுக்கான உலகப் போட்டி 2009ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது.

அதன் விதிகள் எளியவை. ஒவ்வொருவரும் ஆறு உயிரினங்கள் கொண்ட அணியுடன் வரவேண்டும். ஒவ்வோர் உயிரினமும் நான்கு ஆற்றல்களை மட்டுமே கற்றிருக்கலாம். ஒரே இனத்தை இருமுறை சேர்த்தல் கூடாது. ஆட்டம் தொடங்குமுன் எதிரியின் ஆறும் நம் கண்ணுக்குக் காட்டப்படும். 90 விநாடிகளுக்குள் நம் ஆறில் நான்கைத் தெரிந்தெடுக்க வேண்டும். களத்தில் இரு பக்கமும் இரண்டிரண்டாக நின்று மோதும். ஆயிரத்திலிருந்து ஆறு, ஆறிலிருந்து நான்கு, நான்கிலிருந்து இரண்டு என ஆட்டம் முழுவதும் தேர்வு செய்தலாகவே அமைந்திருக்கிறது.

பறவைகளும் பாறையும்

அம்மாணவனின் அணியைப் பார்த்தேன். சாரிசார்ட், கியரடோஸ், டிராகோனைட், சாலமென்ஸ், ஸாப்டோஸ், மோல்ட்ரெஸ். பெயரைக் கேட்டாலே எதிரி அஞ்சும் ஆறு! ஆனால் அந்த ஆறும் பறப்பு வகையைச் சேர்ந்தவை என்பதை அவன் எண்ணிப் பார்க்கவில்லை.

போக்கிமானில் 18 வகைகள் உள்ளன. நீர் நெருப்பை அணைக்கும். நெருப்பு புல்லை எரிக்கும். புல் நீரை உறிஞ்சும். ஒரு வகை மற்றொன்றை வெல்லுமாயின் தாக்குதல் இருமடங்காகும். ஓர் உயிரினம் இரண்டு வகைகளைச் சேர்ந்ததாக இருந்து, இரண்டுமே அத்தாக்குதலுக்கு இளைத்தவையாயின், அது நான்கு மடங்காகும். பறப்பு வகைக்குப் பாறை பகை. நெருப்பும் பறப்பும் சேர்ந்த சாரிசார்டுக்கும் மோல்ட்ரெசுக்கும் பாறைத் தாக்குதல் நான்கு மடங்கு. ஏனைய நான்குக்கும் இரண்டு மடங்கு. களத்தில் நிற்கும் இரண்டு எதிரிகள் மீதும் ஒரே நேரத்தில் கற்களைச் சொரியும் பாறைச்சரிவு என்னும் ஆற்றல் ஒன்று உண்டு. எதிரே ஆடிய தோழன் அதை மட்டுமே மீண்டும் மீண்டும் கையாண்டான். ஆறு வீரர்கள் இருந்தும், அவர்களை வீழ்த்த ஒரே கருவி போதுமானதாயிற்று.

அவன் தெரிந்தெடுத்தவற்றுள் ஒன்றுகூட வலிமை குன்றியதன்று. ஆறையும் அவன் தனித்தனியே பார்த்தான், சேர்த்துப் பார்க்கவில்லை. அங்கேதான் தவறு நேர்ந்தது.

கடன் வாங்கிய அணி

அடுத்த வாரம் அவன் புதிய வழி ஒன்றைக் கண்டான். போட்டிகளில் வென்ற ஒருவரின் அணியை இணையத்தில் பார்த்து, ஆறையும் அப்படியே சேர்த்தான். அப்போதும் தோற்றான்.

அவ்வணியில் மிக மெதுவாக இயங்கும் உயிரினம் ஒன்று இருந்தது. பொதுவாக, விரைவு மிக்கதே முதலில் தாக்கும். ஆனால் ட்ரிக் ரூம் என்னும் ஆற்றலைக் கையாண்டால், ஐந்து சுற்றுகள் வரை ஒழுங்கு தலைகீழாகும், மெதுவானதே முந்தும். அணியை அமைத்தவர் அதற்காகவே மெதுவான ஒன்றைத் தேடிச் சேர்த்திருந்தார். நம் மாணவனோ ட்ரிக் ரூமைக் கையாளவே இல்லை. "இது ஏன் இவ்வளவு மந்தமாக இருக்கிறது?" என்று சலித்துக்கொண்டு, மெதுவான அதனை எதிரியின் விரைவுக்கு முன் நிறுத்தினான். அணியை அமைத்தவர் தமக்குள் எழுப்பிய வினாக்களை அவன் ஒருபோதும் எழுப்பியதில்லை. ஆதலால், அவ்வினாக்களுக்கு அவர் கண்ட விடைகள் அவனுக்குப் பயன்படவில்லை.

பாட்டியின் கேள்வி

அச்சமயம் அவனுடைய பாட்டி கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்தார். பேரன் நாளெல்லாம் உற்றுநோக்கும் திரையில் என்னதான் இருக்கிறது என்று அறிய அவருக்கு ஆவல். அருகில் வந்து அமர்ந்தார்.

"இந்த ஆறு பேரும் எதற்குக் கண்ணு?"

அவன் தன் தோழர்களிடம் பேசும் ஆங்கிலக் கலைச்சொற்களை அடுக்கினான். பாட்டி பொறுமையாகக் கேட்டார். பின்னர், "எனக்கு விளங்கும்படி தமிழில் சொல்" என்றார்.

அவன் முயன்றான். "இது அடிக்கும். இதுவும் அடிக்கும். இது... இதுவும் அடிக்கும்." நான்காவதற்கு வந்தபோது அவனுக்கே நகைப்பு வந்துவிட்டது.

பாட்டி நகைக்கவில்லை. "ஏரில் பூட்டுகிற இரண்டு மாடும் நான் முந்தி, நீ முந்தி என்று இழுத்துக்கொண்டு ஓடினால் உழவு நடக்குமா? வலுவைப் பார்த்து வாங்குவோம். ஆனால் சோடி சேருமா என்று பார்த்துத்தானே பூட்டுவோம்?" என்றார்.

போக்கிமானைப் பற்றி ஒன்றும் அறியாத அம்மூதாட்டி, இருவர் இருவராக மோதும் ஆட்டத்தின் நுட்பத்தை உழவைக் கொண்டு சொல்லிவிட்டார். நான் அன்று மற்றொன்றையும் கவனித்தேன். கலைச்சொற்களை அடுக்கிப் பேசியவரையில், தனக்கு எல்லாம் தெரியும் என்று அவன் எண்ணியிருந்தான். வீட்டுமொழியில் விளக்க முற்பட்டபோதுதான், தனக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்பது அவனுக்குப் புலனாயிற்று. கற்றதைப் பாட்டிக்கு விளங்கும்படி சொல்லிப் பார்ப்பதைவிடக் கடினமான தேர்வு ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அணில் செய்த பணி

"அப்படியானால் அடிக்காத ஒன்றைச் சேர்த்து யாராவது வென்றிருக்கிறார்களா?" என்று அவன் கேட்டான். வென்றிருக்கிறார்கள்.

2014ஆம் ஆண்டு ஆகத்து மாதம் அமெரிக்காவின் வாசிங்டன் நகரில் உலகப் போட்டி நடைபெற்றது. தென்கொரியாவைச் சேர்ந்த சேசுன் பார்க் பச்சிரிசு என்னும் சிறிய மின் அணிலைத் தம் அணியில் சேர்த்துக்கொண்டு வந்தார். ஓர் உயிரினத்தின் உயிராற்றல், தாக்குதல், காப்பு, விரைவு முதலிய ஆறு பண்புகளுக்கும் அடிப்படை எண்கள் உண்டு. பச்சிரிசுவின் எண்களைக் கூட்டினால் வருவது 405. அதே அணியிலிருந்த கியரடோசுக்கு 540; கார்ச்சோம்புக்கு 600. எண்களை மட்டும் பார்ப்பவர் பச்சிரிசுவைத் தொடவும் மாட்டார்.

சேசுன் பார்க் வேறு விதமாகப் பார்த்தார். நீரும் பறப்பும் சேர்ந்த கியரடோசுக்கு மின்தாக்குதல் நான்கு மடங்கு கேடு. பச்சிரிசுவுக்கோ மின்தாக்குதல் கேடு செய்யாது. அதன் இயல்பு மின்னை உட்கொண்டு உயிராற்றலாக மாற்றிக்கொள்ளும். மேலும், எதிரிகளின் தாக்குதல்களைத் தன் பக்கம் ஈர்க்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. ஆகவே கியரடோசை நோக்கி வரும் மின்னை அணில் தன்மேல் வாங்கிக்கொள்ளும். அந்த இடைவெளியில் கியரடோஸ் தன் வலிமையைக் காட்டும். அணிலின் தாக்கும் வலிமை குறைவுதான். அதற்கும் அவர் வழி கண்டார். எதிரிக்கு எஞ்சியுள்ள உயிராற்றலில் பாதியைக் குறைக்கும் ஆற்றல் ஒன்றை அதற்குத் தந்தார். அவ்வாற்றல், தாக்குபவரின் வலிமையைக் கணக்கில் கொள்வதில்லை.

அவ்வாண்டின் உலக வாகையர் பட்டம் சேசுன் பார்க்கிற்குக் கிடைத்தது. அணில் மீது கொண்ட இரக்கத்தால் அவர் அதைச் சேர்க்கவில்லை. அதற்கு ஒரு பணி இருந்தது. அப்பணியை அதனினும் நன்கு செய்யக்கூடியது அவ்வணிக்கு வேறு கிட்டவில்லை. வலிமை குன்றியவற்றைச் சேர்த்தால் வெற்றி கிட்டும் என்று இந்நிகழ்ச்சியிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். காரணத்தோடு சேர்க்கப்பட்டது வலியதாயினும் மெலியதாயினும் அணிக்கு உதவும் என்பதே இதனால் அறியத்தக்கது.

நம் முன்னோரும் இதை அறிந்திருந்தனர். திருக்குறளில் 48ஆம் அதிகாரம் வலியறிதல். செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, இருவருக்கும் துணைநிற்போரின் வலிமை என நான்கையும் எடைபோட வேண்டும் என்று திருவள்ளுவர் அங்கே வலியுறுத்துகிறார். நம் மாணவன் முதல் வாரத்தில் எடைபோட்டது அந்நான்கனுள் ஒன்றை மட்டுமே. காலமறிதல், இடனறிதல், ஆராய்ந்து ஆளைத் தெரிந்தெடுத்தல் ஆகியவற்றை அடுத்தடுத்த அதிகாரங்கள் பேசுகின்றன. அணி அமைப்போர் அவ்வைந்து அதிகாரங்களையும் ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று.

மறுப்பும் விடையும்

என் கருத்தை மறுப்போர் உண்டு. "தொடக்கநிலையில் இருப்பவன் தானே அணி அமைத்தால் தோல்விமேல் தோல்வி அடைந்து மனம் தளர்வான். தேர்ந்தவர்களின் அணியைப் பார்த்து ஆடுவதே கற்கும் வழி" என்பர். இதில் உண்மை இருக்கிறது. நாமும் முதலில் ஆசிரியர் எழுதிய எழுத்தின் மேல் எழுதித்தானே 'அ' கற்றோம்? ஆகையால் பிறர் அணியைக் கடன் வாங்குவதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எழுத்தின் மேல் எழுதுபவன் என்றேனும் ஒருநாள் வெற்றுத்தாளில் எழுதியாக வேண்டும். கடன் வாங்கிய அணியில் ஒவ்வொன்றும் ஏன் இருக்கிறது என்று ஆராயுங்கள். காரணம் விளங்கியதை வைத்துக்கொள்ளுங்கள். விளங்காததைப் பத்து ஆட்டங்கள் ஆடிப் பாருங்கள். பிறகும் விளங்காவிட்டால் மாற்றுங்கள்.

"இதெல்லாம் வெறும் விளையாட்டு, நேரம்தான் வீண்" என்று பெற்றோர் சிலர் கூறுவர். அவர்களுடைய கவலை பொருளற்றதன்று. திரை முன் கழியும் நேரத்துக்கு வரம்பு வேண்டும். ஆயினும், பிள்ளை எத்தனை மணி நேரம் ஆடினான் என்று கேட்பதோடு, ஏன் தோற்றான் என்று அவனால் சொல்ல முடிகிறதா என்றும் கேட்கவேண்டும். தோல்விக்குக் காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளை அந்நேரத்தில் ஏதோ ஒன்றைக் கற்றிருக்கிறான்.

தொடங்குவோர்க்கு

புதிதாக அணி அமைக்கும் மாணவர்களுக்கு என் பரிந்துரை இது. முதலில் உங்களுக்குப் பிடித்த ஒன்றைத் தயங்காமல் தெரிந்தெடுங்கள். விருப்பமும் ஒரு காரணமே. ஆனால் அணியில் ஒன்றுக்கு மட்டும் அக்காரணம் போதும். அது எந்த வகைகளுக்கு அஞ்சும் என்று எழுதுங்கள். அவ்வச்சத்தைப் போக்கும் துணையை இரண்டாவதாகத் தேடுங்கள். அவ்விரண்டும் எதைக் கண்டு அஞ்சும் என்று பார்த்து மூன்றாவதைச் சேருங்கள். இவ்வாறே ஆறு வரை செல்லுங்கள்.

பின்னர் ஒரு கட்டம் வரையுங்கள். மேலே 18 வகைகள். பக்கத்தில் உங்கள் ஆறு. எந்த வகைக்கு எது அஞ்சுகிறதோ அங்கே ஒரு புள்ளி வையுங்கள். ஒரே வகையின் கீழ் மூன்று புள்ளிகளுக்கு மேல் விழுந்தால் அணியில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். முந்தித் தாக்க ஒன்று, தாங்கி நிற்க ஒன்று, துணைக்கு உதவ ஒன்று இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

தோற்றால் ஆறையும் கலைத்துவிடாதீர்கள். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒருசேர மாற்றினால், எந்த மாற்றம் பயன் தந்தது என்று ஒருபோதும் அறிய மாட்டீர்கள்.

ஆறாவது வரி

பாட்டி ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய நாள், அம்மாணவன் ஒரு தாளை எடுத்து ஆறு வரிகள் போட்டான். ஒவ்வொன்றின் எதிரிலும் தமிழில் காரணம் எழுதத் தொடங்கினான். எழுத்துப்பிழைகள் இருந்தன. பாட்டி சொல்லச் சொல்லத் திருத்தினான். 'இது பாறையைத் தாங்கும்.' 'இது தோழனுக்கு வரும் அடியைத் தான் வாங்கும்.' 'இது மெதுவானவற்றை முந்தவைக்கும்.' சாரிசார்டுக்கு எதிரே, 'இது எனக்கு மிகவும் பிடிக்கும்' என்று எழுதினான்.

அத்தாளோடு ஆடிய முதல் ஆட்டத்திலும் அவன் தோற்றான். ஆனால் இம்முறை படியேறி வந்தவன் "ஏன்?" என்று என்னிடம் கேட்கவில்லை. "பனித்தாக்குதலை மறந்துவிட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றான்.

இப்போது அத்தாள் அவர்கள் வீட்டுக் கதவின் பின்புறம் ஒட்டப்பட்டிருக்கிறது. ஐந்து வரிகள் நிரம்பியுள்ளன. பாட்டி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில், "ஆறாவது ஆள் கிடைத்ததா கண்ணு?" என்று கேட்கிறார்.

"காரணம் கிடைத்தால் ஆளும் கிடைத்துவிடும் பாட்டி" என்கிறான் அவன்.

கற்பவை கற்றபின்

1. மாணவனின் முதல் அணி தோற்றதற்குக் காரணம் யாது? உங்கள் சொற்களில் எழுதுக.

2. பாட்டி கூறிய ஏர் எடுத்துக்காட்டு, இருவர் இருவராக மோதும் ஆட்டத்திற்கு எவ்வாறு பொருந்துகிறது?

3. 'தேர்ந்தவர்களின் அணியைப் பார்த்து ஆடுவதே கற்கும் வழி.' இக்கருத்தை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா? காரணங்களுடன் பத்து வரிகளில் எழுதுக.

4. நீங்கள் விரும்பும் ஏதேனும் ஒரு விளையாட்டுக்கு அணி அமைத்து, அதில் ஒவ்வொருவரையும் சேர்த்ததற்கான காரணத்தை ஒரு தொடரில் எழுதுக. அதனை உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்குத் தமிழில் விளக்கி, அவர் கேட்ட கேள்விகளை வகுப்பில் பகிர்ந்துகொள்க.